புங்கமரத்து மணி

சிரிக்க வைக்கிற கதைதான் இது. ஆனால் மணி அடிக்கும்வரை யாரும் சிரிக்கக் கூடாது.

பள்ளிக்கு எதிரே இருந்த புங்கமரத்தடியில் நின்று, காதில் விழுந்த பறவைகளையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள் நிலவழகி. இன்னொரு முறை வகுப்புக்குப் பிந்தினால் பைனாகுலரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

அவள் கையிலிருந்த குறிப்பேட்டுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "வல்லூறு, மைனா, கிளி, மீன்கொத்தி! ஒரே மரத்துல நாலு! சாயங்காலம் பறவை ஆர்வலர் கூட்டத்துல என்னைத்தான் வாசிப்பாங்க."

அவள் கழுத்தில் தொங்கிய பைனாகுலர் சந்தேகத்தோடு குரலை இழுத்தது. "நான் ஒண்ணைக்கூடப் பார்க்கலையே தம்பி. வல்லூறு கத்தினா மைனா பறந்து ஓடியிருக்கணுமே?"

"உனக்குப் பொறாமை அண்ணே. கண்ணாடியைத் துடைச்சுக்கோ."

கணகணவென்று பள்ளி மணி அடித்தது. நிலவழகி விழுந்தடித்து ஓடினாள். வாசல் பூட்டியிருந்தது.

"மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருக்கு பாப்பா," என்றார் காவலாளி.

மறுபடி கணகண. இம்முறை நிலவழகி மரத்தை நோக்கிப் பைனாகுலரைத் தூக்கினாள். கிளையில் கரிச்சான் குருவி ஒன்று பிளந்த வாலை ஆட்டி ஆட்டித் தன் குரலாலேயே மணியடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் வேறொரு பறவைகூட இல்லை.

குறிப்பேடு மெல்லத் தன் பக்கத்தை மூடிக்கொண்டது.

"அண்ணே... அந்த நாலும் இந்த ஒரே பயல்தானா?"