பதில் ஃபைல்

“ஏம்மா, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தீகளா, காராச்சேவு திங்க வந்தீகளா?”

மேனேஜர் ராஜபாண்டியனுக்குப் பொறுக்கவில்லை. பட்டாசுக் கம்பெனி ஆபீசில் பன்னிரண்டு புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருக்கிறது. அவற்றைத் தயார் பண்ண விருதுநகரிலிருந்து வந்த ஜெபிஷாவோ, பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஜாலியாகக் கொறிக்கிறாள்.

அவரோ காலையிலிருந்து தொண்டைத் தண்ணி வற்றக் கத்திக்கொண்டிருக்கிறார். மத்தியானம் இன்ஸ்பெக்‌ஷன். சீசன் நெருக்கடியில், சட்டப்படி நாலு பேர் மட்டுமே உட்கார வேண்டிய வெடிமருந்து ரூமில் ஒன்பது பேரைத் திணித்திருந்தார். பக்கத்து ரூம் முழுக்கக் காலி அட்டைப்பெட்டி. அதை ஒழிக்க அரைநாள் வீணாகுமே!

அதிகாரிகள் வழக்கமாக வரிசையாகக் கேட்கிற ஐந்து கேள்விக்கும் பதில் சரியாக வந்துவிட்டால் யாரும் ரூம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். எனவே ஐந்து பதில்களைப் பேப்பரில் எழுதி, மாடத்தியை எதிரே நிறுத்தி மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்பது பேரில் மாடத்தியும் உண்டு, அவள் மகள் இசைவாணியும் உண்டு.

“வேலை நடந்துக்கிட்டுதான் சார் இருக்கு” என்றாள் ஜெபிஷா. “இந்த செட்டப் ஒரு கம்ப்யூட்டருக்கு இருபது கேள்வி கேக்கும். பேரென்ன, மணியென்ன, எந்தப் பிரிண்டர்னு. நானே தட்டுனா பொழுது போயிரும். அதான் பதிலையெல்லாம் வரிசையா ஒரு ஃபைல்ல எழுதி, கீபோர்டுக்குப் பதிலா அந்த ஃபைலை உள்ள திருப்பி விட்டுட்டேன். அது சொல்றது பூராவும் இன்னொரு ஃபைல்ல போய் விழும். கடைசில பாத்தா, தப்பு இருந்தா தெரிஞ்சிரும்.”

“கேள்வி கேக்கதுக்கு முந்தியே பதிலா? இது ஏமாத்து வேலையில்ல?” என்றார் ராஜபாண்டியன், கையிலிருந்த பேப்பரை ஆட்டியபடி.

மாடத்தி சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “ஏந்தாயி, அதுல ஒரு பதிலு விட்டுப்போச்சுன்னா?” என்றாள்.

“அம்புட்டும் கெட்டுச்சுக்கா! அதுக்குக் கேள்வி புரியாது, வரிசைதான் தெரியும். பேரைக் கேட்டா மணியைச் சொல்லும்.”

“ஏ மாடத்தி, ஒனக்கெதுக்கு அது? ஒப்பி!”

மாடத்தி ஒப்பித்தாள். “ரூமுக்கு நாலு பேரு. வெளிய வேப்பமரத்தடியில. செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான். பருத்திச் சேலை. அஞ்சு மணிக்கு.”

ஒரு எழுத்து பிசகவில்லை. ராஜபாண்டியனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மத்தியானம் அதிகாரி அருணாதேவி வந்தார். மாடத்தியை முன்னால் தள்ளினார் மேனேஜர்.

“ஒரு ரூம்ல எத்தனை பேரும்மா வேலை பாக்கறீங்க?”

“வெளிய வேப்பமரத்தடியில, மேடம்.”

ராஜபாண்டியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சாப்பாடு எங்க?”

“செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான், மேடம்.”

“சரி... உள்ள போறப்ப, உடம்புல இருக்கற கரண்ட் எறங்க என்ன செய்வீங்க?”

“பருத்திச் சேலை, மேடம்.”

“வேலைக்கு என்ன உடுத்திட்டு வருவீங்க?”

“அஞ்சு மணிக்கு.”

“வேலை எப்ப முடியும்?”

மாடத்தியின் கைவசம் இருந்த பதில் தீர்ந்துவிட்டது.

அருணாதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். “நீங்க எழுதிக் குடுத்ததா சார்? வாங்க, அந்த ரூமையே பாத்துருவோம்.”

மாடத்தி போக மீதி எட்டுப் பேரும் அங்கே அப்படியே அகப்பட்டார்கள். மறுபடி இப்படிப் பார்த்தால் லைசென்ஸ் இருக்காது என்றார் அருணாதேவி. பக்கத்து ரூம் காலியாகி, ஐந்து பேர் அதில் மாறி உட்காரும் வரை அவர் நகரவில்லை. பாதிப் பெட்டியை ராஜபாண்டியனே தூக்க வேண்டியதாயிற்று.

ஜீப் கிளம்பியதும் உடம்பெல்லாம் தூசியோடு மாடத்தியிடம் பாய்ந்தார். “காலைல கிளிப்பிள்ளையாட்டம் ஒப்பிச்சியே! மொதப் பதிலை எப்படி மறந்த?”

“மறக்கலய்யா” என்றாள் மாடத்தி. “நாலு பேருன்னு சொன்னா, எம்மகளையும் சேத்து அஞ்சு பேரு கணக்குலயே இல்லாமப் போறாகளே. அந்த ஒரு பொய்யை மட்டும் வேணும்னே விட்டேன். மிச்சமெல்லாம் நீங்க எழுதுன வரிசைதான்!”