எண்ணூர்ச் சம்பந்தம்

"ஊரெல்லாம் ஆராய்ச்சி பண்ணிகினு சுத்துதே ஒரு கோஷ்டி, நம்ம வூட்டுக்கும் வந்துச்சு. தொடப்பக்கட்டையால தொரத்திட்டேன்" என்றாள் தேசம்மா, கடலிலிருந்து திரும்பிய புருஷன் ராமதாஸிடம்.

அன்று மகள் மங்கையைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து வருகிறார்கள். தரகர் பேசிய இடம், முகம் தெரியாது.

மதியம் கோட்டு போட்ட மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் தேசம்மா கேசரியை நீட்டினாள். மங்கை வந்து நின்றாள்.

"வலை இழுக்கிற பாட்டு ஒண்ணு பாடும்மா" என்றார் ஒருவர். மங்கை பாடினாள்.

"தினம் என்ன சமைப்பீங்க?" என்றார் இன்னொருவர்.

"வஞ்சிரம்தான்" என்று கூசாமல் புளுகினாள் தேசம்மா.

மூன்றாமவர் நாடாவை எடுத்து மங்கையின் தலையைச் சுற்றி அளந்தார்.

"இன்னாத்துக்குமே இது?" என்று மிரண்டான் ராமதாஸ்.

"கம்முனு இருய்யா. நெத்திச்சுட்டி செய்யப் போறாங்க."

மூவரும் எழுந்தார்கள். "ரொம்ப சந்தோஷம். அடுத்த வீட்டுக்குப் போகணும்."

"அங்கியும் பொண்ணு பாப்பீங்களா?"

"பொண்ணா? நாங்க யுனிவர்சிட்டிம்மா. அவர் பாட்டு ஆராய்ச்சி, இவர் சாப்பாட்டு ஆராய்ச்சி, நான் மண்டை ஆராய்ச்சி."

அவர்கள் போனதும் ராமதாஸ் மெதுவாகக் கேட்டான்: "நீ தொரத்தினவங்க இன்னாமே கேட்டாங்க?"

தேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொண்ணுக்கு இன்னா நட்சத்திரம்னாங்க. அதையும் ஆராய்ச்சி பண்றாங்களாக்கும்னு நெனச்சேன்யா!"