நாலாவது கேள்வி

“நாலாவது கேள்விக்கு ‘இல்லை’ன்னு போடு. எங்க பரம்பரையில யாருக்கும் இப்படிக் கிடையாது” என்றாள் மாமியார், காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

மருமகள் படிவத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

குழந்தைகளின் கைகளுக்கென்றே உள்ள ஆஸ்பத்திரி அது. சுவர் முழுக்க, வந்துபோன குழந்தைகள் சாயத்தில் பதித்த உள்ளங்கைகள். நாலு விரல் கையும் இருந்தது, ஆறு விரல் கையும் இருந்தது. பேத்தி அவற்றின் மேல் தன் கையை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை வயது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனிவரை ஒட்டியே பிறந்தவள். யாராவது கேட்டால், “இவங்க ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுத் தூங்குறாங்க” என்பாள்.

அந்தக் கை யார் வழியாக வந்தது என்ற வழக்கில் மாமியார்தான் வக்கீல், மாமியார்தான் நீதிபதி. கல்யாண ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சம்பந்தி வீட்டார் ஒருவர் விடாமல் விரல் எண்ணியவள். மருமகளின் பெரியப்பா ஒருவர் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டபடி போட்டோவுக்கு நின்றிருந்தார். போதாதா? “கைய ஏன் மறைச்சாராம்?” என்று தெருவுக்கே தீர்ப்பு வாசித்துவிட்டாள்.

வரவேற்பு மேசைப் பெண் அருகே வந்தாள்.

“அந்த நாலாவது கேள்விய மட்டும் யோசிச்சு எழுதுங்கம்மா. குடும்பத்துல வேற யாருக்காவது கையிலயோ கால்லயோ விரல் ஒட்டியிருந்தா, இது வழிவழியா வர்றதுதான்னு டாக்டர் சீக்கிரமே ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துடுவாங்க. யாருக்குமே இல்லைன்னா, வேற எதோடயாவது சேர்ந்து வந்துச்சான்னு பாக்கணும். ரத்தம் எடுக்கணும், இதயத்த ஸ்கேன் பண்ணணும். மாசக்கணக்கா இழுக்கும்.”

“கால்லயுமா?” மாமியாரின் குரல் சட்டென்று இறங்கியது.

“கால்லயும்தான் பாட்டி. ஒரு தலைமுறை விட்டுக்கூட வரும்.”

மாமியார் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

தெருவில் அவளுக்குச் ‘சாக்ஸ் அம்மா’ என்று பெயர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் சாக்ஸைக் கழற்றமாட்டாள். கேட்டால் பித்தவெடிப்பு என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். இரண்டு ஜோடி விரல்களை ஒரு ஜோடி சாக்ஸில் நாற்பது வருஷம் மறைக்கலாம் என்று செய்து காட்டியவள் அவள். இரண்டு காலிலும் கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் ஒட்டியே பிறந்தவை. பள்ளிக்கூடத்தில் ‘வாத்து’ என்று கூப்பிட்டார்கள். அன்று மூடிய கால். போய்ச் சேர்ந்த புருஷனுக்குக்கூடத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

போன வருஷம் காய்ச்சலில் மூன்று நாள் நினைவு தப்பிக் கிடந்தாள். கண் விழித்ததும் முதலில் தடவிப் பார்த்தது காலைத்தான். மடிப்புக்கூடக் கலையாமல் சாக்ஸ் பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது மருமகள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். ‘இல்லை’ என்ற மூன்றெழுத்துக்கு இவ்வளவு நேரமா? மாமியார் எட்டிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது. எறும்பு ஊர்வதுபோல் வரிவரியாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

“என்னடி அவ்வளவு நீளம்? என்னைப் பத்திப் புகார் எழுதுறியா?”

“ஒண்ணுமில்ல அத்தை.” மருமகள் படிவத்தை மடித்துக்கொண்டாள்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. பேத்தி ஓடிவந்து மாமியாரின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“பாட்டி, அந்தப் பாப்பா ஏன் அழுவுது?”

“ரத்தம் எடுக்குறாங்க கண்ணு.”

“எனக்கும் எடுப்பாங்களா?”

மாமியார் பேத்தியின் ஒட்டிய விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

உள்ளே அழைத்தார்கள். டாக்டரம்மா முதலில் பேத்தியோடு கை குலுக்கினார். மருமகள் மடித்த படிவத்தை மேசையில் வைத்தாள். டாக்டர் அதை எடுப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்.

“டாக்டரம்மா, ஒரு நிமிஷம். ஏம்மா, நீ பாப்பாவக் கூட்டிட்டு வெளிய இரு.”

“அத்தை, நான் எல்லாத்தையும் அதுல எழுதிட்டேன்…”

“தெரியும், தெரியும். போ!”

கதவு சாத்திக்கொண்டது. மாமியார் குனிந்தாள். இடது சாக்ஸ் வந்தது. வலது சாக்ஸ் வர மறுத்தது, அதற்கும் கூச்சமோ என்னவோ. ஒருவழியாக இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் நீட்டினாள்.

“பாத்துக்குங்க. எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. மருமக ‘இல்லை’ன்னு எழுதியிருப்பா. நான்தான் எழுதச் சொன்னேன், அவமேல தப்பில்ல. அத அடிச்சுட்டு மாத்தி எழுதிக்குங்க. அந்தப் பிஞ்சுக்கு ஊசி கீசி வேண்டாம். ஆனா ஒண்ணு தாயி, இது அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். மூணு வருஷமா அவ வீட்டு ஆளுங்களப் பாத்து விரல் நீட்டிட்டிருந்தேன். இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால நிப்பேன்?”

டாக்டர் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பிரித்தார். புருவம் உயர்ந்தது.

“இல்லைன்னு எழுதலையேம்மா.”

“பின்ன? கண்ணாடி இல்ல, நீங்களே படிங்க.”

“‘உண்டு. என் மாமியாருக்கு, இரண்டு கால்களிலும். அவர் காய்ச்சலில் கிடந்தபோது சாக்ஸ் மாற்றிவிட்ட அன்று பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது…’”

கடைசி வரிக்கு வந்ததும் டாக்டரின் குரல் தொண்டைக்குள் போய்விட்டது.

“‘தயவுசெய்து இதை அவர் முன்னால் படிக்க வேண்டாம்.’”