பேராசிரியர் வீட்டு முற்றம்

வியன்னாவிலிருந்து வாஹாவ் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூருக்குக் குடிவந்து மூன்று மாதமாகியும் பேராசிரியர் டாக்டர் எங்கல்பெர்ட்டை ஊரில் ஒருவரும் சட்டை செய்யவில்லை. இன்று மாலை பதினோரு பேர் வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பார்த்தியா ரோஸ்விதா, என் அருமை தெரிஞ்சுக்கிட்டாங்க" என்று மனைவியிடம் கிசுகிசுத்தவர், தாமே ஒயின் ஊற்றி, ஊர் மடாலயக் கோபுரத்தின் வரலாற்றையும் எடுத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்து வீட்டு அலோய்ஸ் எழுந்தார். "பில்லு கொண்டாப்பா."

"பில்லா? நீங்கெல்லாம் என் விருந்தாளிங்க."

"வாசல்ல பைன் கிளை தொங்குதே. எங்க ஊர்ல அது தொங்கினா ஒயின் விக்கிற வீடு."

அழகுக்காக அதை மாட்டிய ரோஸ்விதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒயின் சுமார்தான். ஆனா ஊத்துற ஆளு நீ நல்லா பேசுறே. நாளைக்கும் உண்டா?" என்றார் அலோய்ஸ்.

பேராசிரியர் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"ஆறு மணிக்கு வாங்க."