அவசரப் பெட்டி

தச்சர் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் பெட்டியை முடித்தாக வேண்டும். இந்த நேரம் பார்த்துத் துண்டுப்பிரசுரமும் கையுமாகப் பட்டறைக்குள் வந்து நின்றாள் சபைக்காரப் பெண் ஒருத்தி.

“வேலை எங்கேயும் ஓடிடாதுண்ணே. ஆண்டவரை ஏத்துக்குங்க, நரகத்துக்குத் தப்பிச்சிடலாம்.”

“விடும்மா, தலைக்கு மேல வேலை கிடக்கு.”

“எங்க சபை யாரையும் ஒதுக்காதுண்ணே.”

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

“காலையில வந்தேன். உங்க போதகர் கதவைக்கூட முழுசாத் திறக்கல.”

“தனியாப் போயிருப்பீங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, நானே பேசுறேன்.”

தச்சர் கையில் ஒட்டியிருந்த மரச்சுருளைத் தட்டிவிட்டார்.

“உங்க சபையில பொறந்து வளர்ந்தவதான். அம்மா பக்கத்துலயே புதைக்கச் சொல்லி நேத்து சாகுறப்போ கேட்டா. வேற மதத்துக்காரனைக் கட்டினவளுக்கு உங்க கல்லறையில இடமில்லையாம்.”

பட்டறையை ஒட்டிய அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

“உள்ளதான் கிடத்தியிருக்கேன். போய்ப் பேசுங்க.”