அரை ஸ்பூன் உப்பு

ஸ்வாதி நாகவல்லியின் பாட்டில் மூடியைத் திருகி, கழுத்து வரை நிறைந்திருந்த தண்ணீரில் கொஞ்சம் டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்பு தூக்கலாக இருக்கும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். சனியன், எல்லாம் அளவாக இருந்தது.

அதில்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நாகவல்லி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட அந்த பிளாஸ்டிக் கம்பெனியில் மோல்டிங் மெஷின் ஓட்டுகிறவள். கால் மணி நேரத்துக்கு முன்னால் மெஷின் ஓரத்திலேயே மயங்கிச் சரிந்துவிட்டாள். இந்த மே மாதத்தில் இது மூன்றாவது தடவை. பக்கத்து மெஷின்காரி பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும்.

ஸ்வாதி அங்கே ஹெச்.ஆர். ஆபீசர். வெயிலில் பெண்கள் விழுகிறார்கள் என்றதும், ஐம்பது பேரையும் கேன்டீனில் உட்கார வைத்து கிளாஸ் எடுத்தவள். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை ஆறு ஸ்பூன், உப்பு அரை ஸ்பூன், எல்லாம் தலைதட்டி. பிடித்தால் எலுமிச்சை. கடைப் பாக்கெட்டுக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே கலக்கி எடுத்து வாருங்கள் என்றாள். ஆளுக்கொரு பாட்டிலும் கொடுத்து, போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினாள்.

முதலாளிக்கும் அவள் மேல் தனி மதிப்பு. பெண்கள் நினைத்த நேரத்தில் லைனை விட்டு எழுந்து போய், நாலு பேராகச் சேர்ந்து அரட்டை அடித்துவிட்டு வரும் வழக்கத்தைப் போன மாதம் ஒழித்துக் கட்டியவள் ஆயிற்றே. முறையிட வந்தவர்களை, "இது கம்பெனி, உங்க தெரு குழாயடி இல்ல" என்று ஒரே அதட்டலில் திருப்பி அனுப்பினாள். அந்த மாதமே உற்பத்தி ஏறியது.

"காலைல சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மேடம். நாலு இட்லி."

"சுகர், பிரஷர் ஏதாவது?"

"ஒண்ணியும் இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் விழற? மணி பதினொண்ணு ஆச்சு. பாட்டில் நிரப்பினது நிரப்பினபடியே இருக்கு. ஒரு வாய் குடிக்கல நீ. நான் என்ன பொழுது போகாமயா கிளாஸ் எடுத்தேன்?"

நாகவல்லி சுவரோரம் நின்ற சூப்பர்வைசர் மனோகரனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாம் நடிப்பு மேடம்" என்றான் மனோகரன். "ஃபேனுக்கு அடியில ஒக்காரணும், அதுக்குத்தான். இவ மட்டும் இல்ல, லைன்ல கீற அத்தன பேரும் இப்டித்தான். ரொப்பிகினு வர்றது, ரொப்புனபடியே தூக்கிகினு போறது."

நாகவல்லி சட்டென்று நிமிர்ந்தாள். "இன்னா சார் பேசற? மெஷின்ல கை மாட்டியிருந்தா நீயா குடுப்ப?"

"அவர் கிட்ட என்ன வாய்?" ஸ்வாதி மேஜையை ஓங்கித் தட்டினாள். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து பெரிய ஆர்டர்காரர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் ஒருத்தி பொத்தென்று விழுந்து தொலைத்தால் யார் மானம் போகும்?

டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முன்னால் போட்டாள். உடம்புக்குத் தெம்பு இல்லாததால் இவரை வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று காண்ட்ராக்டருக்கு எழுதிய கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நாகவல்லியின் குரல் இறங்கிவிட்டது. "வேணாம் மேடம். பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு கீது. அடுத்த மாசம் காலேஜ்ல சேக்கணும். இந்த வேலய வுட்டா எனக்கு வேற வழி இல்ல."

"அப்ப குடி. என் கண்ணு முன்னாடி, ஒரு சொட்டு விடாம."

"மத்தியானம் பெல் அடிச்சதும் குடிக்கிறேன் மேடம். எம் பொண்ணு மேல சத்தியம்."

"இப்பவே குடிக்கணும்."

"இப்ப வேணாம் மேடம். கொஞ்சம் கேளுங்க..."

"ஒண்ணும் கேக்க வேண்டாம். குடிக்கறியா, கையெழுத்துப் போடட்டுமா?"

ஸ்வாதி பேனாவைத் திறந்தாள். இந்த ஜனங்களுக்கு ஊட்டிவிடாத குறையாகச் செய்தாலும் நன்றி கிடையாது. தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு எத்தனை கிளாஸ் எடுத்து என்ன?

நாகவல்லி பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினாள். எழுந்து நின்று, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். தாடை வழியாக வழிந்து ஓவர்கோட்டு நனைந்தது. பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினாள். "ம், ஆகட்டும்" என்றாள் ஸ்வாதி. நாகவல்லி மிச்சத்தையும் குடித்து முடித்துக் காலி பாட்டிலை மேஜை மேல் டொக்கென்று வைத்தாள்.

"அவ்வளவுதான். இதுக்குப் போயி இத்தனை ரகளை." ஸ்வாதி பேனாவை மூடினாள். நாட்டைப் பிடித்த பெருமிதம் அவள் முகத்தில்.

நாகவல்லி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வேலை போய்விடும் என்ற பயம் அவள் முகத்தில் இப்போது இல்லை. ஆம்பளை ஒருத்தன் பக்கத்தில் நிற்கிறானே என்ற கூச்சமும் இல்லை. மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"பெல் அடிக்க இன்னும் ஒன்றர மணி நேரம் கீது. நீ பூட்டி வெச்சிகினு கீற லேடீஸ் பாத்ரூம் சாவியக் குடு மேடம்."