பேரிக்காய்க்கு வயது இல்லை

"முதல் வாரமே ஒருத்தரைக் குழுவை விட்டுத் துரத்திட்டாங்கப்பா" என்றாள் நாரே. அவள் முகத்தில் பரீட்சையில் முதலிடம் வந்த சந்தோஷம்.

அப்பா தொக்சு, பஸ் கம்பெனியின் நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நாரே இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்து அவருக்கு சோஜு என்ற கொரிய மதுவை ஊற்றினாள். பெரியவர் முன் குடிக்கும் முறைப்படி, தன் கோப்பையை முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தாள்.

இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக, மாணவர்கள் குழுவாக வேலை செய்யும் செயலியை அவள் வடிவமைத்திருந்தாள். வெளிநாட்டுச் செயலிகள் இங்கே எடுபடவில்லை. நம் ஆட்கள் பெயர் கேட்பதற்கு முன்பே பிறந்த வருஷத்தைக் கேட்பவர்கள். ஒரு வயது மூத்தவர் இருந்தால் போதும், மற்றவர்கள் வாயில் கொழுக்கட்டைதான். அதனால் பெயரையும் வயதையும் மறைத்து, ஆளுக்கொரு பழத்தின் பெயரை வைத்துவிட்டாள்.

"இப்ப மனசுல பட்டதை அப்படியே பேசுறாங்கப்பா. பேரிக்காய்னு ஒரு ஆளு. என்ன கேட்டாலும் நாப்பது நிமிஷம் கழிச்சுதான் பதில் வரும். அதுலயும் ஏகப்பட்ட பிழை."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "அவங்க பேசினதையெல்லாம் நீ படிச்சியா?"

"படிச்சேனே. 'சோம்பேறி, உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு'ன்னு ஒருத்தன் போட்டான். எல்லாரும் ஓட்டுப் போட்டுத் தூக்கிட்டாங்க."

நாளை பல்கலைக்கழகத்தார் முன்னால் அந்தப் பேச்சைத்தான் திரையில் காட்டப்போவதாகச் சொன்னாள். அவர்கள் தலையாட்டிவிட்டால் அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு கரை சேர்ந்துவிடும். பேரிக்காய் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் போனதுதான் அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

அப்பா கோப்பையை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார். மகள் முன்னால் அப்பா அப்படிக் குடிக்க வேண்டும் என்று எந்த முறையும் இல்லை. திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

காலடியில் இருந்த டிரைவர் பையிலிருந்து ஒரு பாடப்புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பக்கமெல்லாம் பென்சில் கோடுகள். அட்டையில் அவள் வேலை பார்த்துக்கொடுத்த அதே பல்கலைக்கழகத்தின் பெயர்.

"பட்டம் வாங்கிட்டு உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

நாரே புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தாழ்ந்த குரலில், மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்:

"பஸ்ஸைக் கடைசி ஸ்டாப்புல நிறுத்தினாத்தான்மா பதில் போட முடியும். அங்க போய்ச் சேர நாப்பது நிமிஷம் ஆகுது."